இரண்டு சுற்று குறைவாக

பள்ளத்தூரில் அந்த வீட்டுக்குப் பதினோரு பங்கு.
ஒழுகும் குழாயில் யாருக்கும் பங்கில்லை,
அதனால் ஆறு வருஷம் ஒழுகியது.

பங்குனிக் கடைசியில் சென்னையிலிருந்து
ஆடிட்டர் சொர்ணலிங்கம் போன் பண்ணினார்:
மோட்டார் பில் எகிறுது இருதயராஜ்,
மூணாங்கட்டுல எங்கேயோ தண்ணி போகுது,
அடைச்சிட்டுக் கணக்கு அனுப்பு.

வாட்ச்மேன் காத்தமுத்து சாவிக்கொத்தோடு முன்னால் போனார்.
ஒன்பது கதவு.
வெளியே
ஆட்டுக்குட்டி கால் மாற்றி மாற்றி நிற்கும் வெயில்.
உள்ளே கதவுக்குக் கதவு
சட்டை முதுகை விட்டு விலகியது.

கடைசியில் குளிக்கிற அறை.
பழைய இரும்பு லைன், டீ மூட்டில் முடிக்கனத்துக்கு வெடிப்பு.
சொட்டக்கூட இல்லை அதிகம், வியர்த்துக்கொண்டிருந்தது.
அதற்குக் கீழே
முட்டைப்பூச்சு உதிர்ந்த சுவரோரம்
முழங்கால் உயரத்துக்கு
நீலம்.

நீலம் என்றால் தண்ணீர்த் தொட்டி நீலம் இல்லை.
கேஸ் வெல்டிங் அணைவதற்கு முன்னால்
நுனியில் ஒரு கணம் நிற்குமே, அது.
கிட்டே குனிந்தால் பெரணி.
விரல் விரலாய்ப் பிரிந்து
ஒவ்வொரு விரலிலும் அயிரைச் செதிலாய்ப் பொடி இலை.

டார்ச் அடித்தேன். பச்சை.
அணைத்தேன். கொஞ்சம் பொறுத்து, நீலம்.
காத்தமுத்து சொன்னார்:
மூணு வருஷமா எனக்கு இதான் டிவி.

யார் நட்டது என்றேன். யாரும் நடவில்லை.
பினாங்கிலிருந்து வந்த டிரங்குப் பெட்டியின்
அடித்தகட்டில் ஒட்டி,
டிக்கெட் எடுக்காத தூசியாய் வந்திருக்கலாம்.
அவர் சொன்னது இது. எனக்குத் தெரியாது.

ஒரு கொத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்,
லூர்துமேரிக்குக் காட்ட.
ட்யூப்லைட்டில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
வாடின கொத்தமல்லிக்கா இவ்வளவு பேச்சு?
கசக்கினேன்.
விரலில் பச்சைச் சாறு மட்டும்.

எதிர்வீட்டு பர்வீன் காலேஜில் செடி படிக்கிறாள்.
இதுல நீலச் சாயமே கிடையாதுண்ணே,
இலைத்தோல்ல மெல்லிசா ரெண்டு அடுக்கு,
அதுல பட்டு வெளிச்சம் திரும்புது,
தேங்கின தண்ணியில பெட்ரோல் மினுக்குமே, அப்படி.
நனைஞ்சா போயிடும். காய்ஞ்சா வந்துடும்.

மறுநாள் ரிஞ்சைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தேன்.
ஒரு சொட்டு இலையில் விழுந்தது,
அங்கே மட்டும் பச்சையாய் ஒரு கண் திறந்தது.
ஒரு பீடி தீர்ந்து இன்னொன்று பாதி.
கண் மூடியது.
தண்ணீர் பக்கத்தில் இருக்கணும், மேலே விழக்கூடாது.
என் மச்சினனோடு நான் இருப்பதும் இப்படித்தான்.

இருபத்துமூணு வருஷத் தொழில்.
நான் போட்ட மூட்டு ஒழுகுதென்று
ஒருத்தன் கூப்பிட்டதில்லை.
டெஃப்லான் டேப் பன்னிரண்டு சுற்றுவேன்,
அன்றைக்குப் பத்தில் அறுத்தேன்.
மூட்டைச் சுவர்ப்பக்கம் திருப்பி முறுக்கி
வாட்ச்சைப் பார்த்து எண்ணினேன்:
நிமிஷத்துக்கு நாலு, செங்கல் மேல்.
ரசீதில் எழுதினேன்:
ஒழுகல் சரிசெய்தது, ரூபாய் 650.
கை கொஞ்சம் கூசியது.

ஆடியில் ஆடிட்டரே வந்துவிட்டார்.
செல்போன் வெளிச்சத்தோடு நேரே அந்த அறைக்கு.
இன்னும் ஒழுகுதேப்பா.
என்ன இது, பாசியா? சுரண்டி எடுத்துடு.

சார், லைட்டை அணைங்க.
எதுக்கு?
அணைங்க சார். ரெண்டு எட்டு இடப்பக்கம் வாங்க.

வேட்டி நுனி நனைய நகர்ந்தார்.
இருட்டில் மூணு பேர் மூச்சு.
ஒரு சொட்டு.
என்னய்யா பார்க்கணும் இங்க?
இன்னொரு சொட்டு.
பொறுங்க, என்றார் காத்தமுத்து.
பில்லைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார் ஆடிட்டர்,
தஞ்சாவூர் பங்காளி கேஸ் போடுவதைப் பற்றி.
மூணாவது சொட்டு.

நாலாவதுக்கு
பேச்சை நிறுத்தினார்.